அம்மா கட்டிப்பிடித்த ஞாபகம் இல்லையே: லயத்துப் பிள்ளைகள் எங்கே தேட வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "வயது 36. இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். இப்போது கொழும்பில் வேலை. அம்மாவோ அப்பாவோ என்னைக் கட்டிப்பிடித்ததாக, முத்தம் கொடுத்ததாக ஒரு ஞாபகமும் இல்லை. அடி வாங்கியது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மகள் பிறந்த பிறகு இது மனதை அரிக்கிறது. அன்பில்லாமலா வளர்ந்தேன்? அம்மாவிடம் கேட்கலாமா?"

கேட்கலாம். ஆனால் நீங்கள் நினைத்து வைத்திருக்கும் கேள்வியை அல்ல. அதற்கு முன் ஞாபகம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். இல்லாத ஒன்றை இருந்ததாகவும், இருந்த ஒன்றை இல்லையென்றும் சொல்ல அதற்கு நன்றாகவே தெரியும்.

மூன்று, மூன்றரை வயதுக்கு முந்திய சம்பவம் பெரியவர்களுக்கு நினைவில் நிற்பது அபூர்வம். எந்த நாட்டிலும் ஏறக்குறைய இதுதான் நிலைமை. பாலூட்டுவது, மடியில் போட்டுத் தட்டுவது, இடுப்பில் வைத்தபடியே அடுப்பு ஊதுவது எல்லாம் மிக அதிகமாக நடப்பதோ அந்த மூன்று வயதுக்குள். உங்களுக்கு ஞாபகம் பிடிக்கத் தொடங்கும் நேரத்தில் மடியில் தம்பியோ தங்கச்சியோ படுத்திருக்கும். அதனால் மூத்த பிள்ளைகளிடம் கேட்டால் "தம்பியத் தூக்கி வச்சிருந்தது தெரியுது, என்னயத் தூக்குனதே இல்ல" என்பார்கள். அந்தத் தம்பியைக் கேட்டால் அவரும் தனக்குப் பின்னால் பிறந்ததைக் காட்டுவார். உங்களுக்கும் அடுத்த பிள்ளைக்கும் எத்தனை மாத இடைவெளி என்று முதலில் பாருங்கள். இரண்டு வருஷத்துக்குக் குறைவென்றால் பாதி விடை அங்கேயே இருக்கிறது.

இரண்டாவது, தினமும் நடப்பது தனித்தனியாகப் பதியாது. முந்நூறு தடவை தலை வாரிவிட்டிருந்தாலும் மனது அதை "தலை வாருவாங்க" என்று ஒரே வரியாக்கிப் போட்டுவிடும். பிரம்படி ஒரு தடவைதான் நடந்திருக்கலாம். வலியும் பயமும் சேர்ந்த அந்த ஒரு நாள், இடம், நேரம், கையில் இருந்த குச்சி என்று அப்படியே நிற்கும். அடி நினைவிருக்கிறது, தலை வாரியது நினைவில்லை என்பதை வைத்து எது அதிகம் நடந்தது என்று கணக்குப் போட முடியாது. அதற்காக அடி விழவில்லை, பெரிதுபடுத்துகிறீர்கள் என்றும் அர்த்தமில்லை. அடியின் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

மூன்றாவதுதான் நம் மலையகத்துக்கே உரியது. "கட்டிப்பிடித்தல்" என்ற சொல்லைப் போட்டுத் தேடினால் லயத்துப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு ஒன்றும் கிடைக்காது. அங்கே தொடுகை வேலைக்குள் இருந்தது. பேன் பார்ப்பதில், ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்ப்பதில், பீலித் தண்ணீரில் நிறுத்தி முதுகு தேய்ப்பதில், காலில் ஏறிய அட்டையை சுண்ணாம்போ சவுக்காரமோ வைத்து எடுப்பதில், சளி பிடித்த நெஞ்சில் கோடாலித் தைலம் தேய்ப்பதில். கொஞ்சுவதற்கென்று இருந்த சைகைகளும் வேறு. கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பது, உச்சி மோப்பது, தாடையைத் தொட்ட விரல்களைத் தன் உதட்டில் வைத்துக்கொள்வது. டிவியில் பார்த்த முத்தத்தை மனதில் வைத்துத் தேடினால் இதெல்லாம் கண்ணில் படாது.

கூடவே ஒரு மறைப்பும் இருந்தது. தூங்குகிற பிள்ளையைக் கொஞ்சக்கூடாது, தாய்க்கண் பொல்லாதது, பிள்ளை அழகென்று வாய்விட்டுச் சொன்னால் சோர்ந்துவிடும் என்ற நம்பிக்கைகள். மாமியார், கொழுந்தன் முன்னால் சொந்தப் பிள்ளையைக் கொஞ்சுவது கூச்சமான காரியம். ஆனால் அப்பாயி, அம்மாயிக்கு அந்தத் தடை இல்லை. நாத்தனார் பிள்ளையைத் தாராளமாகக் கொஞ்சிய பெண், தன் பிள்ளையை "கருவாயா" என்று திட்டிக்கொண்டே சோறு ஊட்டியிருப்பாள்.

அம்மாவின் நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விடியுமுன் எழுந்து தண்ணீர், ரொட்டி, சம்பல். ஏழு, ஏழரைக்குள் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) விட்டுவிட்டு, கொழுந்து பறிக்க மலைக்கு ஏற வேண்டும். பிந்தினால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். மாலை கொழுந்து நிறுவை முடிந்து இறங்க நாலரை, ஐந்து. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939 இல் வந்தது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட ஒன்பது மணிநேரத்துக்குள் இரண்டு இடைவேளை என்ற விதியும் அதில் உண்டு. பிள்ளைக்காம்பரா இருக்குமிடத்தில் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையக்கூடாது. இல்லாத இடத்தில் ஒரு மணிநேரம். தாளில் சரிதான். மலை தூரமாக இருந்தால் அந்த முப்பதில் பாதி ஏறி இறங்கவே போய்விடும். மிஞ்சிய நேரத்தில் அவர் பாலூட்டினாரா, கொஞ்சினாரா என்று கேட்பது நியாயமில்லை. இரண்டும் ஒரே நேரத்தில்தான் நடந்தது.

கையையும் பாருங்கள். கொழுந்து பறிக்கும் விரல் நுனியில் ஏறும் கறை சவுக்காரத்துக்குப் போகாது. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பச்சைக் கொழுந்து கறுப்புத் தேயிலையாவதும் அந்தக் கறையும் ஒரே வேலைதான். இலைச் சாறு காற்றில் பட்டுப் பழுப்பேறுகிறது. மழையில் ஊறி, குளிரில் காய்ந்து, விரல் இடுக்கு வெடித்திருக்கும். அந்தக் கை பிள்ளையின் கன்னத்தில் உரசும் என்று புறங்கையால் தடவும் தாய்மார் உண்டு. கூடைக்கயிறு நாள் முழுக்க உச்சந்தலையில் இழுத்துக்கொண்டிருந்ததால் சாயங்காலம் பிடரி விறைத்துவிடும். வீட்டுக்கு வந்த அம்மா, ஓடிவந்த நாலு வயதுப் பிள்ளையைத் தூக்காமல் "தள்ளிப் போ" என்றது நினைவிருந்தால், அந்தப் பிடரியையும் கணக்கில் எடுங்கள்.

இனி, எப்படித் தேடுவது.

ஒரு தாளில் உங்கள் காம்பராவை வரையுங்கள். வெள்ளைக்காரன் காலத்து லயத்தில் ஒரு காம்பரா சுமார் 10 அடிக்கு 12 அடி, முன்னால் இஸ்தோப்பு (விறாந்தை). அடுப்பு எங்கே, வாசல் எங்கே, சாமிப்படம் எங்கே, பானை எங்கே என்று குறியுங்கள். பிறகு இரவில் யார் எங்கே படுத்தார்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போடுங்கள். உங்கள் இரண்டு பக்கமும் யார்? 120 சதுர அடியில் ஆறு பேர் என்றால் ஆளுக்கு 20 சதுர அடி. அதிலும் அடுப்பு, பெட்டி, விறகு போக மிச்சம்தான். ஜனவரிக் குளிரில் ஒரே கம்பளிக்குள் யாருடைய முதுகுச் சூட்டில் தூங்கினீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. இந்தப் படம் ஒன்று போதும், பலருக்கு வாய் திறந்துவிடும். ஞாபகம் இடத்தைப் பிடித்துக்கொண்டு சீக்கிரம் வரும்.

அடுத்தது உடம்பு. உச்சி, காதுமடல், பிடரி, முதுகு, உள்ளங்கை, பாதம் என்று ஒவ்வொன்றாக எடுங்கள். அந்த இடத்தில் யார் கை பட்டது, என்ன வேலைக்காக, நீங்கள் உட்கார்ந்தா நின்றா, கை சூடா குளிரா, என்ன மணம் என்று மட்டும் எழுதுங்கள். "அன்பாக", "பாசமாக" என்ற சொற்களை இந்தத் தாளில் போட வேண்டாம். மணம் நல்ல சாவி. சொல்லைச் சொல்லி எழுப்பினால் வருவது பெரும்பாலும் பத்து வயதுக்குப் பிந்தியவை. மணத்தால் எழும்புவது பத்துக்குள் நடந்தவையாகவே அதிகம் இருக்கிறது. நல்லெண்ணெய், சித்தாலேப களிம்பு, மலையில் இடுப்பில் கட்டும் ஈரப் படங்கு, வெற்றிலை, விறகுப்புகை ஏறிய கம்பளி, எது உங்கள் வீட்டு மணமோ அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு தடவைக்கு 20 நிமிடம் போதும். இரவில் படுக்கப் போகுமுன் வேண்டாம், தூக்கம் கெடும்.

கொடுத்த தொடுகையையும் எழுதுங்கள். எல்லாரும் விடுவது இதைத்தான். அப்பாவின் முதுகில் ஏறி மிதித்துவிட்டது, அம்மாவின் காலை அமுக்கியது, நரைமுடி பிடுங்கியது. "கொஞ்சம் மேல, இன்னும் மேல" என்று அப்பா சொல்ல, சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் குதிகால் வைத்து நடந்த பிள்ளைக்கு, தகப்பனின் உடம்பு அங்குலம் அங்குலமாகத் தெரிந்திருக்கும்! அப்பா என்னைத் தொட்டதே இல்லை என்று சொல்பவர்களில் பலர் அவரை வாரத்தில் நாலு நாள் மிதித்தவர்கள். மாசியில் காமன் கூத்துப் பார்க்க யார் கழுத்தில் உட்கார்ந்து போனீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

எழுதியதற்குப் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் அடையாளம் போடுங்கள்: நானே உணர்ந்தது, மற்றவர் சொல்லிக் கேட்டது, நடந்திருக்கும் என்று ஊகிப்பது. ஏனென்றால் மூன்றாவது வகை இரண்டு மூன்று தடவை திருப்பிச் சொன்னால் முதல் வகையாகிவிடும். உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸ் 1995 இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாக நடக்காத கதையொன்றை, குடும்பத்தார் சொன்னதுபோல 24 பேரிடம் சொன்னார்கள். ஏறத்தாழ நாலிலொருவர் அது முழுசாகவோ அரைகுறையாகவோ நினைவிருப்பதாகச் சொன்னார். பாசக்கதை ஒன்றை உங்களுக்குள் நட்டுவிடுவது இன்னும் சுலபம், நீங்களே அதற்கு ஏங்குவதால்.

ஆட்களையும் குழப்பிவிடாதீர்கள். "அம்மா" என்று நினைவில் நிற்கும் மடி அம்மாவுடையதாகவே இருக்க வேண்டியதில்லை. பிள்ளைக்காம்பரா ஆயாவின் மடியாக இருக்கலாம். பள்ளிக்கூடத்தை விட்டு நின்று உங்களை இடுப்பில் சுமந்த அக்காவாக இருக்கலாம். ஒன்பது வயது அக்காவின் இடுப்பு எலும்பு உறுத்தும். உறுத்தியது நினைவிருந்தால் அது அக்காவாக இருக்கலாம். உங்களைவிட மூத்தவர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள், இதைப் படித்தால் அவர்களுக்கு வேறொரு கணக்கு உண்டு. தோட்டத்து மக்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, தலைமன்னார்க் கப்பல் 1984 இல் நிற்கும்வரை, குடும்பங்கள் பிரிந்தன. தூக்கி வளர்த்த அம்மாயி ஒருநாள் காலையில் பெட்டியோடு இந்தியாவுக்குப் போய்விட்டார் என்றால், அந்தத் தொடுகையோடு சேர்ந்த இழப்பு முழு ஞாபகத்தையுமே மூடிவிடலாம். 1973, 74 பஞ்சத்தில் குழந்தையாக இருந்தவர்களுக்கும் அப்படித்தான், வீட்டில் ஒரே கவலை அன்றைய சோறு.

தாய் மத்திய கிழக்குக்குப் போன பிள்ளைகளின் கதை தனி. இரண்டு வயதில் விட்டுப் போய் ஆறு வயதில் திரும்பிய தாயைப் பிள்ளைக்கு அடையாளம் தெரியாது. அவர் தூக்க வரும்போது பிள்ளை அழுது அம்மாயியின் சேலைக்குள் ஒளியும். அந்த அழுகை அந்தத் தாய்க்கு விழுந்த அடி. அதற்குப் பிறகு தொடப் பயந்தே பல தாய்மார் தள்ளி நின்றுவிட்டார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள பெண்கள் வீட்டுவேலைக்கு வெளிநாடு போகக்கூடாது என்று 2013 இல் கட்டுப்பாடு வந்தது. அதற்குள் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட வீட்டில் "தொடவில்லை" என்ற ஞாபகம் பெரும்பாலும் உண்மைதான். காரணம் மட்டும் நீங்கள் நினைத்ததாக இருக்காது.

இப்போது அம்மாவிடம் கேட்பது. "என்னயக் கட்டிப் பிடிச்சிருக்கியாம்மா?" என்று கேட்டால் வரும் பதில் எனக்கே தெரியும்: "ஒனக்கு என்ன கொற வச்சேன்?" அவர் காதில் அது கேள்வியாக விழாது, பிராதாக விழும். அதோடு கதவு சாத்திவிடும். அன்பைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். "பிள்ளைக்காம்பராவுல விட்டுட்டு எத்தன மணிக்கு மலைக்கு ஏறணும்? நான் அழுவேனா?" "எனக்குக் காய்ச்சல் வந்தா ராத்திரி யாரு முழிச்சிருக்கிறது?" "பேன் பாக்கையில நான் ஓடிருவேனா?" கேட்கும் நேரமும் முக்கியம். முகத்துக்கு முகம் உட்கார்ந்து கேட்க வேண்டாம். அவர் கீரை ஆயும்போது, தேங்காய் துருவும்போது பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களும் கையில் ஏதாவது வேலையோடு கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு கேள்வி. சொன்னதைத் திருத்தாதீர்கள். அக்கா தம்பி எல்லோரையும் கூட்டி வைத்துக் கேட்டால் அது பஞ்சாயத்தாகிவிடும், அங்கே ஞாபகம் வராது, கட்சிதான் வரும். தெரியாமல் போனில் பதிவு செய்வதும் வேண்டாம்.

இவ்வளவும் சொன்னதால் எல்லாருக்கும் அன்பு கிடைத்தது, தெரியவில்லை அவ்வளவுதான் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். வறுமை, கண்ணேறு, வேலைப்பளு என்று அவர்களிடம் காரணம் அடுக்குவது இரண்டாவது தடவை அடிப்பது மாதிரி. பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: காய்ச்சல், இடி, விழுந்து அடிபட்டது, இருட்டில் பயந்தது. இந்த நேரங்களில் யாராவது ஒருவரின் கை வந்ததா? கொஞ்சாத தாயும் காய்ச்சல் நெற்றியில் ஈரத்துணி போட்டிருப்பார், ஆஸ்பத்திரிக்கு முதுகில் சுமந்து போயிருப்பார். இந்த நேரங்களிலும் ஒருவரும் வரவில்லை, அல்லது அழுததற்கே அடி விழுந்தது என்றால், அது உண்மையான இல்லாமை. அதற்கு அந்தப் பெயரையே வையுங்கள்.

பெரியவர்களின் சிறுவயதுப் பிணைப்பை அறிய 1980களில் அமெரிக்காவில் உளவியலாளர் மேரி மெயினும் கூட இருந்தவர்களும் ஒரு நேர்காணல் முறையை உருவாக்கினார்கள். அதில் தாயைப் பற்றி ஐந்து சொற்கள் கேட்பார்கள், பிறகு தகப்பனைப் பற்றி ஐந்து. ஒவ்வொரு சொல்லுக்கும் குறிப்பான ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொல்வார்கள். குழந்தைப் பருவம் நல்லதா கெட்டதா என்பது அவர்களுக்குப் பெரிதில்லை. சொல்லும் சம்பவமும் பொருந்துகிறதா என்றுதான் கவனிப்பார்கள். "தெய்வம் மாதிரி" என்று சொல்லிவிட்டு ஒரு சம்பவமும் இல்லாதவர் ஒரு பக்கம். "கல்நெஞ்சு" என்று சொல்லி அதற்கும் சம்பவம் இல்லாதவர் இன்னொரு பக்கம். இரண்டு பேருக்கும் வேலை பாக்கி இருக்கிறது. கஷ்டத்தையும் கிடைத்ததையும் அப்படியே சொல்லத் தெரிந்தவர், குறைவாகவே வாங்கியிருந்தாலும், தன் பிள்ளையை நன்றாகவே ஏந்துகிறார். நீங்களும் வீட்டிலேயே எழுதிப் பார்க்கலாம், சோதனையாக அல்ல, சும்மா.

எழுதும்போது நெஞ்சு படபடத்தால், தொடக்கூடாதவர் தொட்ட ஞாபகம் ஏதாவது மேலே வந்தால், அன்றோடு நிறுத்துங்கள், தனியாகத் தோண்ட வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உதவியாளர்கள் இருக்கிறார்கள், கட்டணம் இல்லை.

மகளைத் தூக்கும்போது கை விறைக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் இந்தக் கேள்வியோடு வருபவர்கள் பலருக்கு அது உண்டு. கட்டிப்பிடித்தே ஆகவேண்டும் என்று உங்களை வதைக்காதீர்கள். முதுகிலிருந்து தொடங்குங்கள். முடி முளைக்கும் தோலில் மெதுவான தடவலுக்கென்றே ஒரு வகை நரம்பிழை உண்டு. செக்கனுக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், தோல் சூட்டுக் கை தடவும்போது அது நன்றாக விழிக்கிறது. 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சின்னப் பிள்ளையின் பிடரியிலிருந்து இடுப்புவரை வர எட்டு, பத்து செக்கன் ஆக வேண்டும். அவசரப்பட்ட ஆள் இரண்டு செக்கனில் முடித்துவிடுகிறார். குளிர்ந்த கையும் சரிவராது. தேத்தண்ணிக் கோப்பையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு பிறகு தொடுங்கள்.

இன்னொன்று. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மகளைக் குளிப்பாட்ட அம்மாவிடம் கொடுங்கள், பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து பாருங்கள். வாய் மறந்ததைக் கை மறக்காது. சேலையைத் தூக்கிச் செருகிக் காலை நீட்டி உட்காருவார், பிள்ளையை முழங்காலுக்குக் கீழே படுக்க வைப்பார், எண்ணெயை முதலில் தன் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்குவார், கழுத்தை எந்தக் கையில் தாங்குகிறார், எங்கே வேகம் குறைகிறது, கடைசிச் செம்புத் தண்ணீரைத் தலையைச் சுற்றி எப்படி ஊற்றுகிறார் என்று கவனியுங்கள். உங்களைக் குளிப்பாட்டியதும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். மூக்கில் ஊதுவது, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, தலையைப் பிடித்து உருட்டுவது மட்டும் வேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நியூமோனியாவில் கொண்டுபோய் விடும். தண்ணீரின் சூட்டை அவர் முழங்கையால் பார்ப்பார். கறையேறிக் காய்த்த விரலுக்குச் சூடு சரியாகத் தெரியாது.